முடி போனது, ஊர் நின்றது

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் தாளகுந்தா என்றொரு சிற்றூர். அங்குள்ள 5ஆம் நூற்றாண்டுக் கல்தூண் ஒன்றில் காஞ்சிபுரத்தில் நடந்த ஒரு தகராறு பதிவாகியிருக்கிறது. மயூரசர்மன் என்ற இளைஞன் தன் குரு வீரசர்மனோடு வேதம் படிக்கக் காஞ்சியின் கடிகைக்கு வருகிறான். கடிகை என்பது அந்தக் காலத்து உயர்கல்விக் கூடம். வந்த இடத்தில் பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு வாய்த்தகராறு முற்றுகிறது. அவமானம் பொறுக்காத இளைஞன் தர்ப்பை பிடித்த கையில் வாளை எடுக்கிறான். ஸ்ரீசைலத்தை ஒட்டிய காடுகளில் ஆள் திரட்டிப் பல்லவர்களோடு மோதுகிறான். கடைசியில் பனவாசியைத் தலைநகராகக் கொண்டு கதம்ப அரச மரபையே தொடங்கிவிடுகிறான்.

காஞ்சிக்குப் படிக்க வருகிறவர்கள் இன்றும் குறையவில்லை. நகரை ஒட்டிய ஏனாத்தூரில், 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா இருக்கிறது. பொறியியலும் கணினியும் சமஸ்கிருதமும் அங்கே பாடங்கள். பழைய சுவடிகளைக் காக்கும் நூலகமும் உண்டு. மயூரசர்மனுக்கும் இந்த மாணவர்களுக்கும் இடையில் சுமார் 1,600 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அதற்குள் பல்லவர், சோழர், தெலுங்குச் சோழர், காகதீயர், பாண்டியர், சம்புவராயர், விஜயநகரத்தார், கோல்கொண்டா சுல்தான்கள், முகலாயர், ஆர்க்காட்டு நவாபுகள், கிழக்கிந்தியக் கம்பெனியார், பிரிட்டிஷ் அரசு என்று ஆட்சி கைமாறிக்கொண்டே வந்தது. காஞ்சி ஒரு பேரரசின் முதன்மைத் தலைநகராக இருந்தது இந்த நெடுங்காலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் பறிபோன அந்தப் பட்டம் பிறகு திரும்பவே இல்லை.

தலைநகர் என்ற பட்டம் போன ஊர்கள் பல மேடாகிப் போயிருக்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயிலையும் மாளிகைமேட்டின் செங்கல் அடித்தளங்களையும் பார்க்கலாம், நகரத்தைப் பார்க்க முடியாது. ஹம்பியும் அப்படித்தான். காஞ்சி மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது? அரசர் வரிசையைப் படித்தால் இதற்கு விடை கிடைக்காது. ஏரி, பள்ளி, தறி, கோயில் என்ற நான்கின் கதையைப் படித்தால் கிடைக்கும்.

ஏரிகளின் நாடு

காஞ்சியைச் சூழ்ந்த தொண்டை மண்டலத்தில் மனிதர் வாழ்ந்த தடம் நம்ப முடியாத அளவுக்குப் பழையது. 1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டில் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் கண்டறியப்பட்டது. அங்கே சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவிக்கப்பட்டது.

ஆனால் வேட்டையாடி வாழ்வது வேறு, நகரம் அமைப்பது வேறு. காவிரிபோல ஆண்டுக்குப் பல மாதம் நீர் ஓடும் ஆறு காஞ்சிக்கு வாய்க்கவில்லை. பாலாறு பெரும்பாலான நாள்களில் மணல்தான். வேகவதி அதைவிடச் சிறியது. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அதைப் பிடித்து வைத்தால்தான் அடுத்த மழைவரை பயிரும் உயிரும் தாங்கும். அதனால் சரிவான நிலத்தில் மண்கரை எழுப்பி, மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு நீர் போகும்படி சங்கிலிச் சங்கிலியாக ஏரிகளை அமைத்தார்கள். தென்னேரியின் பெயரைச் சங்ககாலத் திரையனோடு சேர்த்துச் சொல்வது மரபு. தூசி மாமண்டூர் ஏரியைப் பல்லவ மகேந்திரனின் பட்டப்பெயரால் சித்திரமேக தடாகம் என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. உத்திரமேரூரின் பேரேரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர்.

ஏரியை வெட்டியது அரசனாக இருக்கலாம், பார்த்துக்கொண்டது ஊர்தான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இதற்கு நேரடிச் சான்று. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலைகளில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தார்கள். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு ஆறு பேர் கொண்ட ஏரி வாரியமும் உண்டு. இதை மக்களாட்சியின் தொட்டில் என்று மேடையில் கொண்டாடுவது வழக்கம். நிலமும் வேதப் பயிற்சியும் உள்ள பிராமண ஆண்களுக்குள் நடந்த தேர்வு அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்றாலும் தூர் வாருவதும் கரை காப்பதும் அரசாணைக்குக் காத்திராமல் நடந்தன. அரண்மனையில் ஆள் மாறினாலும் மதகு திறக்க ஆள் இருந்தது.

கச்சியின் பல சமயங்கள்

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை கச்சியை, அதாவது காஞ்சியை, ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுகிறது. பதஞ்சலியின் மகாபாஷ்யத்திலும் காஞ்சி என்ற ஊர்ப்பெயர் வருகிறது. மணிமேகலைக் காப்பியத்தில் நாயகி கடைசியில் வந்து சேரும் ஊரும் இதுதான். காமாட்சியம்மன் கோயில் பக்கத்து அகழாய்வுகளில் ரோமானிய மதுச்சாடிகளின் வகையைச் சேர்ந்த பானைத் துண்டுகளும் ரூலட் வகை ஓடுகளும் பௌத்தக் கட்டட எச்சங்களும் கிடைத்தன. சமுத்திரகுப்தன் 4ஆம் நூற்றாண்டில் தெற்கே படையெடுத்தபோது அவனிடம் தோற்ற அரசர்களுள் காஞ்சியின் விஷ்ணுகோபனும் ஒருவன் என்று அலகாபாத் தூண் கல்வெட்டு சொல்கிறது.

சீனப் பயணி யுவான் சுவாங் 640ஆம் ஆண்டை ஒட்டிக் காஞ்சிக்கு வந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள், பத்தாயிரம் துறவிகள், எண்பது தேவர் கோயில்கள், திரளான சமணர்கள் என்று அவர் எழுதி வைத்தார். நாலந்தாவின் தலைவராக விளங்கிய தர்மபாலர் காஞ்சிக்காரர். யுவான் சுவாங் இங்கிருந்து இலங்கைக்குப் போக நினைத்திருந்தார். அங்கே உள்நாட்டுக் குழப்பம் என்று காஞ்சிக்கு ஓடிவந்திருந்த இலங்கைத் துறவிகள் சொல்ல, பயணத்தைக் கைவிட்டார். கடலுக்கு அப்பால் கலகம் மூண்டால் தஞ்சம் தேடி வரும் ஊராகக் காஞ்சி இருந்திருக்கிறது.

மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற அங்கத நாடகத்தின் களமும் காஞ்சித் தெருதான். குடித்துவிட்டுக் கபாலத்தைத் தொலைத்த காபாலிகன், அவன் சந்தேகப்படும் பௌத்தத் துறவி, நடுவில் புகும் பாசுபதன் என்று எல்லாச் சமயத்தாரையும் ஓர் அரசனே கிண்டலடிக்கிறான். இத்தனை பேரும் ஒரே தெருவில் உரசிக்கொண்டு வாழ்ந்தால்தான் இப்படியொரு நாடகம் பிறக்கும்.

அந்தப் பன்மை முழுதாக நிலைக்கவில்லை. பௌத்தம் காஞ்சியில் வழிபாடாக இல்லாமல் போனது. ஆங்காங்கே கிடைத்த புத்தர் சிலைகள் மட்டும் மிச்சம். சமணம் ஓரமாகத் தங்கியது. ஜினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றத்தில் வர்த்தமானர் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அங்குள்ள சங்கீத மண்டபத்தை 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியவர் விஜயநகர அரசின் சமண அமைச்சர் இருகப்பர். காஞ்சி யாரையும் இழக்காமல் வந்த ஊர் என்று சொன்னால் அது புகழ்ச்சியாக இருக்கும், வரலாறாக இருக்காது.

வென்றவன் திருப்பிக் கொடுத்த சொத்து

காஞ்சிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் புள்ளலூர் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாளுக்கிய இரண்டாம் புலிகேசியின் படை வடக்கிலிருந்து வந்தது. புள்ளலூரில் எதிரிகளை மகேந்திரன் அழித்தான் என்கிறது பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு. பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின்னே பதுங்கினான் என்கிறது 634ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டு. இரண்டு அரசவைப் புலவர்கள் தத்தம் எசமானனுக்காக எழுதியவை இவை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் தெளிவாகத் தெரிவது ஒன்றுதான்: சண்டை காஞ்சியின் வாசல்வரை வந்தது, மதில் தாங்கியது. 642இல் பல்லவ நரசிம்மவர்மன் சாளுக்கியத் தலைநகர் வாதாபியை வென்று கணக்கைத் தீர்த்தான்.

8ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள்ளேயே நுழைந்துவிட்டான். அதற்குச் சில பத்தாண்டுகள் முன்புதான் பல்லவ இராஜசிம்மன் மணற்கல்லால் கைலாசநாதர் கோயிலை எழுப்பியிருந்தான். திருச்சுற்று மதிலை ஒட்டி வரிசையாகச் சிற்றாலயங்கள், ஒவ்வொன்றிலும் சுதைப் பூச்சு, சில இடங்களில் இன்றும் ஒட்டியிருக்கும் ஓவியத் துணுக்குகள். வாதாபி எரிந்த பழைய கோபத்துக்கு இது எளிதில் இரையாகியிருக்கலாம். விக்கிரமாதித்தன் கோயிலைத் தொடவில்லை. கோயில் சொத்தைப் பார்வையிட்டு இறைவனுக்கே திருப்பிக் கொடுத்ததாக, அதே கோயில் தூணில் கன்னடத்தில் பொறித்துவிட்டுப் போனான். பின்னர் அவனுடைய அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த கோயிலில் காஞ்சிக் கட்டடக் கலையின் சாயல் தெரிகிறது. தோற்ற ஊரின் கைத்திறன் வென்றவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

அரசுரிமையும் எப்போதும் வாளால் தீரவில்லை. நேர்வாரிசு இல்லாமல் பல்லவ அரியணை தடுமாறியபோது, ஊரார் கூட்டாகக் கிளைமரபைத் தேடிச் சென்று, 12 வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துவந்து முடிசூட்டினார்கள். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். அவன் கட்டிய வைகுண்டப் பெருமாள் கோயில் சுற்றுச்சுவரில் இந்தக் கதை படக்கதைபோலச் சிற்பங்களாக, கீழே விளக்கக் குறிப்போடு இருக்கிறது. அண்ணன்மார் மூவரும் மறுத்ததும் தம்பி ஒப்புக்கொண்டதும்கூட அதில் வருகின்றன.

தறிக்காரர்களின் செப்பேடு

ஆதித்த சோழன் அபராஜித பல்லவனை வீழ்த்தியதோடு தலைநகர்ப் பட்டம் போனது. ஆனால் சோழர் காஞ்சியை விடவில்லை, இரண்டாம் அரசிருக்கையாக வைத்துக்கொண்டார்கள். சுந்தர சோழன் இங்கிருந்த பொன்மாளிகையில்தான் உயிர் நீத்தான்.

காஞ்சியின் வரலாற்றில் மிகுந்த கவனம் பெற வேண்டிய ஆவணம் இந்தக் காலத்ததுதான். உத்தம சோழனின் செப்பேடு, இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கச்சிப்பேட்டில் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் வரவுசெலவை அது ஒழுங்குபடுத்துகிறது. கோயில் பொன் வட்டிக்கு விடப்படுகிறது. சந்தையில் எடை போடுவதற்கும் முகந்து அளப்பதற்கும் வாங்கும் கூலி கோயிலுக்குச் சேர்கிறது. கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரி என்ற நான்கு நெசவாளர் குடியிருப்புகளும் இந்த ஏற்பாட்டில் பங்கு பெறுகின்றன. நெய்கிறவர்கள் வெறும் கூலிக்காரர்களாக இல்லை, கோயில் நிதியோடும் நிர்வாகத்தோடும் பிணைந்த நகரத்தாராக இருந்தார்கள்.

காஞ்சி நெசவைக் கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஆந்திரத்திலிருந்து வந்தவர்களே தொடங்கினார்கள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதுண்டு. விஜயநகரக் காலத்தில் தெலுங்கு பேசும் நெசவாளர்கள் குடியேறியது உண்மை. ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தது, ஐந்து நூற்றாண்டுக்கும் மேலாகத் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஊருக்கு. 15ஆம் நூற்றாண்டில் காஞ்சிக் கைக்கோளர்களுக்குப் பல்லக்கும் சங்கும் பயன்படுத்தும் உரிமை இருந்தது. மற்ற ஊர் நெசவாளர்கள் அதை முன்னுதாரணமாகக் காட்டித் தங்களுக்கும் கேட்டுப் பெற்றார்கள் என்பதை அக்காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

இங்கே உலகின் மறுகோடியைப் பார்ப்பது உதவும். தென் அமெரிக்காவில் இன்றைய பெரு நாட்டின் கடற்கரையில் சான் சான் என்ற மாநகரம் இருந்தது. சிமூ அரசின் தலைநகர், பச்சை மண் கட்டடங்களால் ஆன பெரும்பரப்பு. 1470 வாக்கில் இன்காக்கள் அதை வென்றபோது அதன் கைவினைஞர்களைத் தங்கள் கூஸ்கோ நகருக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். கைவினைஞர் போனதும் சான் சான் ஓய்ந்தது. இன்று மழைக்குக் கரையும் மண்சுவர்களாக, அழியும் ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இன்காக்களிடையே பொன்னைவிட மதிப்புப் பெற்றது நுண்ணிய துணி. ஆனால் அந்த உயர்ந்த ரகம் அரசுக்காகவும் கோயிலுக்காகவும் மட்டுமே நெய்யப்பட்டது. 1533இல் ஸ்பானியர் கூஸ்கோவைப் பிடித்து, 1535இல் லிமாவை நிறுவி அதிகாரத்தைக் கடற்கரைக்கு மாற்றியபின், அரசை மட்டும் நம்பிய அந்த நெசவு படிப்படியாக மங்கியது. காஞ்சி நெசவாளருக்கு அரசன் ஒரு வாடிக்கையாளன். கோயில் இன்னொரு வாடிக்கையாளர், சந்தை மூன்றாவது. ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்கின.

ஊர்விட்டு ஊர் போன தெய்வங்கள்

சோழருக்குப் பிறகு காஞ்சி எல்லோரும் முத்திரை பதிக்க விரும்பிய ஊரானது. 1249இல் காகதீய கணபதியின் கல்வெட்டு ஏகாம்பரநாதர் கோயிலில் இடம்பெற்றது. 1313இல் கேரளத்து ரவிவர்ம குலசேகரன் வேகவதிக் கரையில் முடிசூடிக்கொண்டதாகப் பொறித்தான். 1509இல் கிருஷ்ணதேவராயர் ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்குக் கோபுரத்தை எழுப்பினார், உயரம் 192 அடி. வரதராசர் கோயில் விமானத்துக்கு அவர் பொன் வேய்ந்தார். அச்சுதராயர் 1533இல் இங்கே துலாபாரம் ஏறினார்.

கோயில் என்பது கும்பிடும் இடம் மட்டுமாக இருந்திருந்தால் ஊர் பிழைத்திருக்காது. அது நிலவுடைமையாளர், வட்டிக்கடை, வேலை கொடுப்பவர், மடைப்பள்ளி, பள்ளிக்கூடம் எல்லாமும். இராமானுசர் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் படித்தார். பிராமணர் அல்லாத திருக்கச்சி நம்பியிடம் வழிகேட்டு நின்றார். வேதாந்த தேசிகர் பிறந்த தூப்புல் காஞ்சியின் ஒரு பகுதி. குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் பாடினார்.

மடைப்பள்ளியின் பழமைக்கு வரதராசர் கோயில் இட்லி போதும். மூங்கில் குடலையில் மந்தாரை இலையை விரித்து, மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து ஊற்றி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். வெந்தபின் உருளையை வட்டமாக வெட்டிக் கொடுப்பார்கள். காரத்துக்கு மிளகும் சுக்கும்தான், மிளகாய் இல்லை. போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாய் வந்து தமிழகச் சமையலறைகளைப் பிடித்தபின்னும் இந்த மடைப்பள்ளி தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் முகலாயப் படைகள் தெற்கே வந்தபோது காஞ்சி உற்சவ மூர்த்திகள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டன. வரதராசர் 1688இல் உடையார்பாளையம் போனார். நிலைமை அமைதியானபின் அந்தப் பாளையக்காரர் திருப்பித் தர மனமில்லாமல் இருந்தார். ஆத்தான் ஜீயரின் வேண்டுகோளை ஏற்று, நவாப்பின் அதிகாரி லாலா தோடர்மல் 1710இல் மூர்த்தியை மீட்டுக்கொண்டு வந்தார். முகலாயர் பயத்தால் போன சிலை, முகலாயரின் பெயரால் ஆண்ட நவாப்பின் அலுவலரால் திரும்பியது. தோடர்மல்லின் உருவச்சிலையை இன்றும் கோயிலுக்குள் பார்க்கலாம். பங்காரு காமாட்சி மட்டும் திரும்பவில்லை, தஞ்சாவூரிலேயே கோயில் கொண்டுவிட்டாள். அவளோடு புறப்பட்ட அர்ச்சகர் குடும்பத்தில் பிறந்தவர்தான் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி.

கம்பெனியின் கணக்கும் பிளேஸ் துரையும்

கர்நாடகப் போர்களில் காஞ்சிக் கோயில் மதில்களே கோட்டைகளாயின. பின்னர் மைசூர்ப் போர் வந்தது. 1780 செப்டம்பர் 10 அன்று அதே புள்ளலூரில் மைசூரின் ஹைதர் அலியும் திப்புவும் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையைச் சூழ்ந்து அழித்தார்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதும் படை நிலைகுலைந்தது. தூரத்தில் காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாள் கனரகப் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்த வெற்றி பெரிய ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது.

போரைவிட ஆழமாக ஊரை மாற்றியது கணக்கு. 1763இல் நவாப் செங்கல்பட்டு ஜாகீரைக் கம்பெனிக்குக் கொடுத்தார். தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்து, ஊர்தோறும் வீடு, ஏரி, கோயில், தொழில், மானியம் என்று விவரம் திரட்டினார். ஊர்க் கணக்கர்கள் எழுதிய ஓலைகளில் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. ஏரி வெட்டுபவருக்கும் தச்சருக்கும் வெட்டியானுக்கும் விளைச்சலில் பங்கு ஒதுக்கிய பழைய ஏற்பாட்டை அவற்றில் காணலாம். கம்பெனியின் வரிவசூலில் அந்தப் பங்குகள் படிப்படியாகச் சுருங்கின. ஏரி வாரியத்தின் வழிவந்த ஊர்ப்பொறுப்பு தளர்ந்தது இந்தக் கட்டத்தில்தான்.

1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிட்டார், வரதராசர் கோயில் திருவிழாக்களுக்கு ஊக்கம் கொடுத்தார், கோயில் நிதியைத் தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டார். இறைவனுக்கு அவர் நகையும் கொடுத்தார். கோயிலில் அரசு கைவைப்பது சரியா என்ற இன்றைய வழக்குக்கு இங்கே ஒரு வேர் இருக்கிறது.

தெருவிலிருந்து கோட்டைக்கு

1866இல் காஞ்சி நகராட்சியானது. மில் துணி வந்து பருத்தித் தறிகளை நெருக்கிய காலம் அது. காஞ்சித் தறிகள் மெல்ல மெல்லப் பட்டுக்கு மாறின. இன்று நாம் காஞ்சிபுரம் பட்டு என்று கொண்டாடும் கல்யாணச் சேலையின் புகழ் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டில் உருவானது. நெசவு பழையது, பட்டின் பெயர் புதியது.

1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் நடந்த காங்கிரஸ் மாகாண மாநாட்டுக்கும் காஞ்சிதான் களம். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால் பெரியார் மாநாட்டைவிட்டு வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியல் இரண்டாகப் பிரிந்த இடம் அது. அப்போது அந்த ஊரில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 16 வயது மாணவர், 1909இல் நெசவுத் தொழில் மரபில் பிறந்த சி.என். அண்ணாதுரை. சிறிது காலம் நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்தவர், 1942இல் காஞ்சியிலிருந்து ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். 1957இல் காஞ்சித் தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது, 1962இல் தோற்கடித்தது. 1967இல் அவர் முதலமைச்சரானார். மடங்களும் கோயில்களும் நிறைந்த ஊர் பகுத்தறிவு இயக்கத்தின் தலைவரையும் தந்ததைச் சிலர் முரண்பாடாகப் பார்ப்பார்கள். பௌத்தரும் காபாலிகரும் ஒரே தெருவில் வாதிட்ட ஊருக்கு இது புதிதல்ல.

குழித்தறியின் முன்னே

காஞ்சிச் சேலையின் அடையாளம் கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், இரண்டு பக்கக் கரைக்கும் வேறு நிறம் என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர் இரண்டை வீச, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் துணையாள் மறுகரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். உடல் இழையும் கரை இழையும் ஒவ்வொரு ஊடையிலும் ஒன்றையொன்று கவ்வும். முந்தி வரும்போது பழைய பாவு இழைகளோடு புதிய நிறத்து இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும், இதற்குப் பெயர் பேட்னி. நல்ல சேலையில் கரை கிழிந்து பிரியாது.

அந்தத் துணையாள் இடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவர்கள் குழந்தைகள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்குப் போகாமல் தறியில் இருந்தவர்கள் பலர். 1990களில் தொடங்கிய விழிப்புணர்வும் அரசு நடவடிக்கையும் இதைப் பெருமளவு மாற்றின. பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ திரைப்படம் மகளுக்கு ஒரு பட்டுச் சேலை உடுத்தத் துடிக்கும் நெசவாளியின் கதை. பட்டு நெய்கிறவன் வீட்டில் பட்டு இல்லை என்ற உண்மையை அது நாடு முழுக்கக் கொண்டு போனது.

கூட்டுறவுச் சங்கங்கள் தனிமுதலாளியின் பிடியைத் தளர்த்தின. 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் விசைத்தறிச் சேலையும் போலி ஜரிகையும் அதே பெயரில் விற்கின்றன. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து, ஜரிகையில் பெரும்பகுதி சூரத்திலிருந்து வருகிறது. வெள்ளி, தங்கம் விலை ஏறும்போதெல்லாம் சேலை விலை ஏறுகிறது, நெசவுக்கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் 1990களிலிருந்து வந்த கார், மின்னணுத் தொழிற்சாலைகளின் வேன்கள் காலையில் நெசவாளர் தெருக்களிலிருந்தே ஆள் ஏற்றுகின்றன. மாதச் சம்பளம் தரும் வேலைக்குப் பிள்ளைகள் போவதைத் தவறென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கோர்வை போடத் தெரிந்த கைகள் மூப்படைகின்றன.

ஏரிகளின் நிலையும் அதுதான். இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் அரசுத் துறைப் பராமரிப்பில் உள்ளவை மட்டும் 909 ஏரிகள். பலவற்றின் வரத்துக்கால்வாய்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. பாலாற்று மணல் போய்விட்டது. வேகவதி நகரின் கழிவைச் சுமக்கிறது. 2022இல் சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வானபோது ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்மக்கள் போராடத் தொடங்கினார்கள். நன்செய் நிலமும் ஏரிகளும் திட்டப் பரப்புக்குள் வருகின்றன என்பதே அவர்களுடைய முதல் வாதம். விமான நிலையம் வேண்டுமா என்பது ஒரு கேள்வி. இந்த நிலத்தில் நீர்ச்சங்கிலியை வெட்டினால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு வரலாறு தெளிவான பதிலைத் தருகிறது.

2019இல் வரதராசர் கோயிலில் அத்திவரதரைக் காண 48 நாள்களில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். 2021இல் நகரம் மாநகராட்சியானது. பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் காஞ்சியைக் காத்தது பெருமையல்ல. படையெடுப்பும் ஆட்சி மாற்றமும் செய்யாததைத் தூர்ந்த ஏரியும் நின்றுபோன தறியும் செய்துவிடும். மாநகராட்சியின் அடுத்த வளர்ச்சித் திட்டத்தில் சாலைக்கும் கட்டடத்துக்கும் முன்னால் இரண்டு பட்டியல்கள் இருக்க வேண்டும். ஒன்று, வரத்துக்கால்வாயோடு சேர்த்து மீட்க வேண்டிய ஏரிகள். மற்றொன்று, கோர்வை நெய்பவர்களும் அவர்களுக்கு ஆண்டு முழுக்க உறுதியான கூலியும். அந்தப் பட்டியல்களைத் தயாரிக்க ஏனாத்தூர் மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. இந்த வேலையை அவர்களிடம் ஒப்படைக்க மாநகராட்சியும் பல்கலைக்கழகமும் முன்வர வேண்டும்.